நீ காத்திருந்த நிலநடுக்கம்

பக்கத்து வீட்டில் ஒரு பழைய பீரோவுக்கு மெருகு போடுகிறார்கள். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை காலையிலிருந்து என் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. ஆசாரிக்கு என்ன தெரியும்? அவர் பாட்டுக்குத் துணியை நனைத்து நனைத்துத் தேய்க்கிறார். நான் இங்கே பாதி நறுக்கிய கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினால் தீர்ந்தது. சாத்த மனம் வரவில்லை.

இதே வாசனையோடுதான் நீ அன்றைக்கு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாய். எழுபதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் மாடி அறையில் நான் குடியிருந்தேன், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நீ அமெரிக்காவிலிருந்து விடுப்பில் தாமலுக்கு வந்திருந்தாய். உங்கம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கூட இருக்க ஒரே மகள் நீதான். ஊருக்கு வந்த மறுநாளே பஸ் ஏறி என்னைத் தேடி வந்துவிட்டாய். ஒரு சேலை கொண்டு வந்தாயா, சென்ட்டு கொண்டு வந்தாயா? நீளமாக ஒரு தகரக் குழாய். அதற்குள் சுருள் சுருளாகக் கறுப்புத் தாள்கள்.

விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்த தாள். அதன்மேல் ஊசி கீறிக்கொண்டே போன வெள்ளைக் கோடுகள். கரி உதிராமல் இருக்க அரக்குக் கரைசலில் தோய்த்துக் காய வைத்தது என்று சொன்னாய். என் அறை முழுக்க அதை விரித்துப் போட்டு, சுருண்டு கொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒன்றாக என் பைபிளையும் கீதப் புத்தகத்தையும் அரிசிப் படியையும் இட்லித் தட்டையும் வைத்தாய். கிணற்றுக் கயிறு கேட்டு மாடிக்கு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, புது டிசைனா? பொடவையில போடற ஊசிவாணக் கோடு மாதிரி இருக்குதே!"

"ஆமாங்க, பூமி நெய்ஞ்சது" என்றாய் நீ.

அவர் குனிந்து, கோடுகள் கிறுகிறுவென்று துள்ளியிருந்த ஓர் இடத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் நெய்ஞ்சிக்கினு வந்துருக்கான். இங்க வந்து கை நடுங்கிடுச்சி பாரு" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவர் காட்டியது ஒரு நிலநடுக்கம். எங்கோ பசிபிக் தீவுப் பக்கம், கடலுக்கு அடியில் நடந்தது.

நம் இருவர் வீட்டுக்கும் நடுவே எட்டு மைல்தான் இருக்கும், ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது சின்ன விஷயம் அல்ல. உன் வீடு தாமல் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். என் தாத்தா செவிலிமேட்டில் அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கியவர். அப்பா காலத்தில்தான் எங்களுக்குச் சர்ச்சும் படிப்பும் வந்தன. முதன்முதலில் உன் வீட்டுக்கு வந்தபோது உங்கம்மா எனக்கு வாசலில் வைத்து, கையைக் குவிக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். நீ அன்று இரண்டு வேளை சாப்பிடாமல் சண்டை போட்டாயாம். அடுத்த முறை டம்ளர் வந்தது. அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் நான் சொல்லப் போவது உங்கம்மாவைப் பற்றித்தான், அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

உன் வேலை என்னவென்று அன்று எனக்குப் பாடம் எடுத்தாய். அங்கே மேற்குப் பக்கம் பழைய எரிமலைகள் நிற்கும் ஒரு மலைப் பிரதேசம். அதற்கு அடியில் பாறை இன்னும் சூடாக, இளகின நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோண்டிப் பார்க்க முடியாத ஆழம். ஆனால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பெரிய நிலநடுக்கம் வந்தால், அதன் அலை பூமிக்குள் இறங்கி, வயிற்றுக்குள்ளேயே பயணம் செய்து, இந்த மலைகளுக்கு நேர் கீழேயிருந்து மேலே வரும். வரும் வழியில் சூடான பாறை இருந்தால் அங்கே அதன் நடை தளரும். வந்து சேர வேண்டிய நேரத்தை விட ஒரு நொடி, அதற்கும் கொஞ்சம் முன்பின், தாமதமாக வரும். அந்த ஒரு நொடிதான் உன் பிழைப்பு.

"ஒரு நொடிக்கா இவ்ளோ தூரம் போய்க் குந்திக்கினு இருக்கற?" என்று கேட்டேன்.

"அந்த ஒரு நொடியத்தான்டி அவங்க நம்ப மாட்றாங்க" என்றாய்.

அப்போதுதான் உன் முகத்தில் சிரிப்பு போனது. மூன்று இடங்களில் அலை தாமதமாக வருவதை நீ கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் உன் மேலதிகாரி, அது சூடும் இல்லை ஒன்றும் இல்லை, அதிர்வைப் பதிக்கும் மெஷினின் கடிகாரம் பிசகு, இல்லாவிட்டால் அந்த இடத்து மேல்மண் களிமண் என்று சொல்லிவிட்டார். உன்னிடம் இருந்த பதிவுகள் எல்லாம் மேற்கே தீவுப் பக்கத்திலிருந்து வந்த அலைகள். "சுவத்துல கறுப்பா ஒண்ணு தெரியுது. அது நெழலா கறையான்னு எப்படிக் கண்டுபிடிப்ப? வெளக்க வேற பக்கம் வெச்சிப் பாக்கணும். நகர்ந்தா நெழல். நகரலன்னா கறை" என்றாய். கடிகாரப் பிசகும் களிமண்ணும் எந்தத் திசையிலிருந்து அலை வந்தாலும் அதே இடத்தில் அதே மாதிரி இருக்கும். ஆழத்தில் இருக்கும் சூட்டின் தாமதமோ, வேறு திசையிலிருந்து அலை வந்தால் வேறு மெஷின்களுக்கு இடம் மாறும். அதைக் காட்ட உனக்குத் தெற்கிலிருந்து, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து, ஒரு பெரிய நிலநடுக்கத்தின் அலை வேண்டும். அந்த ஆண்டோடு மெஷின்களை எடுத்துவிடுவார்கள். மெஷின்களோடு உன் வேலையும் போகும். வேலை போனால் நீ தாமலுக்குத் திரும்பி, உன் மாமா பார்த்து வைத்திருக்கும் அரிசி மில்காரரின் வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியதுதான். உன்னோடு வேலை செய்த ஒரு பையன் அங்கே மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தான். நீ இங்கே காத்திருந்தாய்.

எதற்காகக் காத்திருக்கிறாய் என்பதை நாம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் காலை பஸ்ஸில் வந்து நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பாய். இங்கிலீஷ் பேப்பரை எடுத்தவுடன் வெளிநாட்டுச் செய்திப் பக்கம். மத்தியானம் என் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நான் சோற்று டப்பாவைத் திறக்கும்போது வந்து உட்காருவாய்.

"எங்க இடிஞ்சி விழுந்துதுன்னு பேப்பர் பாக்கற ஒரே பொம்பள உலகத்துலயே நீதான்டி" என்று கிண்டல் செய்தேன்.

உனக்குக் கோபம் வந்துவிட்டது. "வரணும்னு நான் நெனைக்கல. வந்தா மெஷின் ஓடிக்கினு இருக்கணும்னுதான் நெனைக்கிறேன்" என்றாய். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கம்மாவுக்குக் கண் கட்டு அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது உன் முகம்தான். மகள் எதையோ எதிர்பார்த்து உருகுகிறாள், வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாள். தாய் மனசு எத்தனை நாள் பொறுக்கும்? ஒருநாள் நீ மரத்தடிக்கு வந்து, பாதி சிரிப்பும் பாதி தவிப்புமாகச் சொன்னாய்.

"அம்மா ஏரிக்கரை அம்மனுக்கு மஞ்சத் துணியில காசு முடிஞ்சி வெச்சிருக்குதுடி. எம் பொண்ணு எதுக்குக் காத்துக்கினு இருக்குதோ, அது இன்னாவா இருந்தாலும் சீக்கிரம் வந்து சேரணும், வந்தா ஆடி மாசம் ஊருக்கே கூழு ஊத்தறேன்னு."

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு நம் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என்னவென்று தெரியாமலே ஒரு தாய் பூகம்பத்துக்கு நேர்ந்துகொண்டாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆடி பிறந்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. நூலகத்திலிருந்து நேராக என் வகுப்பு வாசலில் வந்து நின்றாய். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தென் அமெரிக்காவில் ஒரு மலை ஊர். மண் வீடுகள். காலையில் சந்தை கூடியிருந்த நேரம். எத்தனை பேர் என்று இன்னும் தெரியவில்லை என்று பேப்பரில் போட்டிருந்ததாம். நீ அழவில்லை. "சந்தையாம்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். 

இரண்டு நாள் கழித்துத் தாமலுக்குத் தந்தி வந்தது. எல்லா மெஷின்களும் ஓடியிருக்கின்றன, பதிவு சுத்தம், உடனே புறப்பட்டு வா என்று அந்தப் பையன் அடித்திருந்தான். தந்தி என்றாலே சாவு என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்ற உங்கம்மாவிடம், பயப்பட வேண்டாம் என்பதற்காக, "ஒண்ணும் இல்லம்மா, நான் காத்துக்கினு இருந்தது வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டாய். வேறு என்ன சொல்வாய்? ஆனால் அந்த ஒரு வார்த்தை போதாதா அவருக்கு? அன்றே கேழ்வரகை அரைக்கப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் வந்தேன். உங்கள் வீட்டு முன் வேப்பிலை கட்டி, பெரிய பெரிய பானைகளில் கூழ். சின்ன வெங்காயம் ஒரு கூடை, முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு அண்டா. சொம்போடும் தூக்கோடும் தெருவே வந்து நின்றது. உங்கம்மா மஞ்சள் புடவையில், கண்ணுக்குப் புதுக் கண்ணாடியோடு, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு கேட்டது கெடச்சிடுச்சிபா. ஆத்தா ஒரு மாசங்கூடத் தாங்கல, குடுத்துட்டா." என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். "நீயும் உன் கையால ரெண்டு பேருக்கு ஊத்து, எஸ்தரு" என்றார். அந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை.

நீ சமையல்கட்டு மூலையில் நின்றிருந்தாய். உங்கம்மா உன் நெற்றியில் குங்குமம் வைக்க வந்தார். "வா, மொத சொம்பு நீ ஊத்தணும். உனக்காகக் குடுத்தது." அங்கேதான் உன்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் காத்துக்கினு இருந்தது பூகம்பம்."

அவருக்குப் புரியவில்லை. நீ சொன்னாய். குரலை உயர்த்தாமல், ஒன்று விடாமல் சொன்னாய், மலை ஊரையும் சந்தையையும் சேர்த்து. என் வேலைக்கு அது வேண்டியிருந்ததும்மா, அதுக்குத்தான் நீ வேண்டிக்கினே என்றாய். குங்குமம் எடுத்த விரல் அப்படியே நின்றது. வெளியே யாரோ "அக்கா, கூழு!" என்று கூப்பிட்டார்கள்.

உங்கம்மா குங்குமத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கடைசி சொம்பு வரைக்கும் அவரே ஊற்றினார்.  பானை காலியானதும் ஏரிக்குப் போய்ப் புடவையோடு இறங்கித் தலை முழுகிவிட்டு வந்தார். தூரத்தில் இருக்கிற பங்காளி செத்துப்போன சேதி வந்தால் குளிப்பார்களே, அப்படி. ஈரப் புடவையோடு வந்து நின்றவரைப் பார்த்து நீ ஓடினாய்.

"நீ கேட்டதனால வரலம்மா. பூமிக்குள்ள அது எப்பவோ முடிவானது. நீ கேக்கலன்னாலும் வந்திருக்கும்."

"அப்போ நான் கேட்டு எதுவுமே வந்ததில்லயா?" என்று கேட்டார் உங்கம்மா. "நீ பொறந்தது கூட இதே ஆத்தா கிட்ட கேட்டுத்தான். கேட்டா குடுப்பாளா, குடுக்க மாட்டாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

 அவர் ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை. தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

அந்த வாரமே நீ கிளம்பிப் போனாய். ஒரு மாதம் கழித்து எனக்கு வந்த கடிதத்தில் நான்கே வரி. தாமதம் இடம் மாறியிருந்தது. அலை மேற்கிலிருந்து வந்தபோது ஒரு பக்கத்து மெஷின்களுக்கு விழுந்தது, தெற்கிலிருந்து வந்தபோது வேறு பக்கத்து மெஷின்களுக்கு விழுந்தது. நிழல்தான், கறை இல்லை. மலைக்குக் கீழே சூடு இருக்கிறது. உன் மேலதிகாரி எழுந்து வந்து கை கொடுத்தாராம். வேலை நிலைத்தது, மில்காரர் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, வகுப்பில் பிள்ளைகளிடம் கூடச் சொன்னேன். நீ அந்தக் கடிதத்தில் சந்தோஷம் என்ற வார்த்தையை எழுதவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

உங்கம்மா அதற்குப் பிறகு எந்தச் சாமியிடமும் எதையும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவார், விளக்கு வைப்பார், சும்மா நின்றுவிட்டு வந்துவிடுவார். மழை பொய்த்து ஏரி வெடித்த ஆண்டில் ஊரே சேர்ந்து மழை கேட்டுப் பொங்கல் வைத்தபோது, வீட்டுக்கு விழுந்த கோயில் வரியைக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாராம். யாராவது கேட்டால், "நான் கேட்டா வேற எங்கயாவது இடியும்" என்பாராம். ஜனங்கள் கண் ஆபரேஷனில் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எழுபதுகள் முடிகிற சமயம் நீ திரும்பி வந்தாய். ரத்தத்தில் கோளாறு. அங்கே பார்த்துவிட்டு, இனி வீட்டோடு இருப்பது நல்லது என்று சொல்லியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருந்தபோது சனி ஞாயிறில் நான் வந்துவிடுவேன். உன் கை மூங்கில் குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது. வலி இல்லாத ஒரு சாயங்காலம் நீயாகவே பேச்சை எடுத்தாய்.

"அன்னிக்கி அம்மா கிட்ட சொல்லியிருக்கக் கூடாதுடி."

"சொல்லாம எப்படி இருப்ப? அது பாட்டுக்கு நன்றி சொல்லிக்கினு இருந்துது."

"சொல்லட்டுமே. அந்த ஊர் சனங்களுக்கு அதனால இன்னா ஆயிடப் போவுது? எம் மனசுல இருந்த பாரத்த எறக்கி அம்மா தலையில வெச்சிட்டேன். இப்போ பாரு, நான் இங்க கெடக்கறேன், அம்மா எனக்காக ஒரு வார்த்த கேக்க முடியாம கதவாண்ட குந்திக்கினு இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உங்கம்மா உட்கார்ந்திருந்தார். வாய் அசையவில்லை. மற்ற கட்டில்களின் அருகில் எல்லாம் யாரோ ஒருவர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது உனக்குத் தெரியாது. அடுத்த வாரம் உங்கம்மா என் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் என் படி ஏறியது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"நீ கேளு எஸ்தரு. உன் சாமி கிட்ட நீ கேளு. நான் கேக்கக் கூடாது. வேற ஒருத்தி வீட்டுல இடிஞ்சி எம் பொண்ணுக்கு நல்லாவக் கூடாது. நீ கேட்டா அப்படி ஆவாது இல்ல?"

ஆகாது அம்மா, நான் கேட்கிறேன் என்றேன். கேட்டேன். வேதப் பாடத்தில் படித்தபடி எல்லாம் கேட்டேன், படிக்காதபடியும் கேட்டேன். தரையில் விழுந்து கேட்டேன். நீ மார்கழியில் போய்விட்டாய். கர்த்தர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதைப் போதகரிடமே சொல்லியிருக்கிறேன்.

உன் காரியத்தன்று வீடு நிறையச் சனம். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பின், பின்கட்டில் நானும் உங்கம்மாவும் மட்டும் இருந்தோம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். அழுது ஓய்ந்த முகம். கேட்கிற குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை.

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பாளா, எஸ்தரு?"

நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். பூமிக்குள் எப்போதோ முடிவானது என்று மறுபடியும் சொல்லிப் பார்த்திருப்பாய். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் சோறு போட்டார், மழை பேசினார், விலைவாசி பேசினார். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்கவே இல்லை.

இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. பேரனுக்குப் பரீட்சை, பேத்திக்குப் பிரசவம் என்று ஞாயிறுதோறும் முழங்கால் போட எனக்குக் காரணத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வாயெடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல், நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்த இடைவெளியில் உங்கம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் நீ இருக்கிறாய். அப்புறம்தான் கேட்கிறேன்.